ஏழாவது குண்டின் துணி

“பாருங்க தாயி! வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி எறங்குது!”

ஏலத் தோட்டத்தைக் காவல் காக்கும் கார்டு சுருளிவேல் துப்பாக்கியின் வாயில் ஓர் ஈயக் குண்டைப் போட்டு, அதை இறக்கும் கம்பியான சலாகையை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். குண்டு சரசரவென்று அடிவரை போய் நின்றது. துப்பாக்கியைக் கவிழ்த்தார். அது உருண்டு வந்து அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

“போன மாசம் வரைக்கும் இதுக்குச் சுத்தியல் வேணும். உள்ள அம்புட்டுத் துரு! டவுன்ல பட்டறையில குடுத்து, துருவச் சொரண்டி, உள்ள திருகு திருகா ஓடுற புரியையும் புதுசா வெட்டி வாங்கியாந்தேன். இனி எந்தப் பன்னியும் நம்ம ஏலத் தோட்டம் பக்கம் தலைவெச்சுப் படுக்காது!”

கொண்டம்மாளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. “கெளம்பலாமாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் தம்பி ஜக்கையன் மலைக்குள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எட்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவன்!

அவன் போனது புதையல் தேடி. பாளையக்காரர் ஒருவரிடம் சேவகம் பார்த்த அவர்களுடைய முன்னோர் ஒருவர், கோட்டை விழுவதற்கு முதல் நாள் ஒரு பெட்டிப் பொன்னை இந்த மலையில் ஒளித்து வைத்தாராம். வழியை ஒரு துணியில் வரைந்து, மெழுகு ஏற்றி, பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் செத்தாராம். ஏழு தலைமுறையாக வீட்டுத் துணிப்பெட்டியின் அடியில் கிடந்த அந்தத் துணியை எடுத்துப் பார்த்து, நிஜமாகவே காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் ஜக்கையன் ஒருவன்தான். அசல் நனைந்துவிடக் கூடாது என்று ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு, துணியை அக்காவிடம் விட்டுப் போயிருந்தான்.

இப்போது அந்தத் துணி கொண்டம்மாளின் மடியில் இருந்தது. தம்பி போன பாதைக்கு அதுதான் துப்பு.

தேடிக் கிளம்பியவர்களில் மூன்றாவது ஆள் பக்கீர். கடைத்தெருவில் தையல் கடை. ஜக்கையனின் உயிர்த் தோழன். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றாமலேயே வந்து நின்றான்.

“நீ எதுக்குய்யா டைலரே? யானைக்குச் சட்டை தைக்கவா?” என்றார் சுருளிவேல்.

“ஜக்கையனுக்கு அளவெடுத்தவன் நான், கார்டண்ணே. எப்புடி எளைச்சுக் கெடந்தாலும் கண்டுபிடிச்சுருவேன்!”

ஆடிக் காற்று எதிரே அறைய, மூவரும் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

முதல் நாளே அட்டைகள் பக்கீரின் காலைச் சிவப்பாக்கின. இரண்டாம் நாள் காட்டாறு குறுக்கிட்டது. நடு ஆற்றில் சுருளிவேலின் கால் வழுக்கியது! மூழ்கி எழுந்தவர் துப்பாக்கியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். ஆனால் இடுப்பில் தொங்கிய இரண்டு வெடிமருந்துக் கொம்புகளில் ஒன்றைக் காணோம். மிச்சக் கொம்பைத் திறந்து அளந்து பார்த்தார்.

“ஏழு வெடிக்குத்தான் மருந்து வரும்,” என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

நான்காம் நாள் உச்சிவேளையில் காடு சட்டென்று முடிந்தது. காலடியில் பாதாளம்! அடியில் வெள்ளம் உறுமிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் செங்குத்தான பாறைச் சுவர்.

“ஜக்கையா!” என்று கத்தினாள் கொண்டம்மாள். ஒன்றுமில்லை. மறுபடி கத்தினாள். மூன்றாவது முறை கத்தியபோது அவள் குரல் உடைந்தது.

“...க்கா!”

எதிர்ச் சுவரின் நடுவே, ஒரு கட்டில் அகலமே உள்ள திட்டில், எலும்பும் தோலுமாக ஓர் உருவம் எழுந்து நின்றது.

“அவன்தான்!” என்றான் பக்கீர். “இடுப்பு ரெண்டு இஞ்சு கொறஞ்சுருக்கு. ஆனா அவன்தான்!” சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.

நடந்தது காற்றோடு காற்றாகத் துண்டு துண்டாய் வந்து சேர்ந்தது. தேன் எடுப்பவர்கள் மேலிருந்து தொங்கவிட்டிருந்த கொடியேணியைப் பிடித்து, வழி இதுதான் என்று நம்பி, ஜக்கையன் அந்தத் திட்டுக்கு இறங்கியிருக்கிறான். இறங்கிய மறுநிமிடம் காற்று ஏணியைத் தூக்கி வீசி, அவன் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் பாறையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டுப்போன கிளையில் சுற்றிவிட்டது. ஏழு நாளாக அவனுக்கு எட்டவில்லை. பாறையில் ஊறும் நீரைக் குடித்து, விழுந்து கிடந்த தேனடையைத் தின்று கிடக்கிறான். வழி எழுதிய தாள் மழையில் கூழாகிவிட்டது.

“சுத்திப் போயி மேலருந்து எடுத்து விடலாம்ல?” என்றாள் கொண்டம்மாள்.

“ஆத்தச் சுத்தி மேற்குக் கணவாய் வழியா நாலு நாளு ஆகும் தாயி.”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோதே எதிரே ஓர் ஓசை. ஜக்கையன் நின்ற திட்டின் ஓரத்திலிருந்து ஒரு முழத் துண்டு பெயர்ந்து உருண்டது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வர வெகுநேரம் ஆயிற்று.

“தெனம் ரெண்டு தடவ இப்புடி விழுதுக்கா!” என்று ஜக்கையன் கத்தினான். “மழ பெஞ்சா கூட விழுது!”

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நாலு நாள் அந்தத் திட்டு தாங்காது. நாலு மணி நேரம் தாங்குமா என்பதே சந்தேகம்.

சுருளிவேல் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். “கெள நம்ம மணிக்கட்டுக் கனந்தான். பட்ட கெள. ஒரே அடியில முறிஞ்சு ஏணி தானா விழும். எழுபது கஜம் என்ன பெரிய தூரமா? நூறு கஜத்துல பன்னிக் காத அடிச்சவன் நான்!”

குழலில் மருந்தைக் கொட்டினார். ஆட்டுக் கொழுப்பு தடவிய மல் துணித் துண்டைக் குழலின் வாயில் விரித்தார். அதன் மேல் குண்டை வைத்து, சலாகையால் தள்ளினார். வெண்ணெயாக இறங்கியது. கம்பளியைச் சுருட்டிப் பாறை மேல் வைத்து, குழலைச் சாய்த்து, காற்று ஓயும் வரை மூச்சடக்கிக் காத்திருந்தார்.

டமார்!

கிளைக்கு இரண்டு முழம் இடப்புறம் பாறை தெறித்தது.

“காத்து!” என்றார் சுருளிவேல். ஈரத்துணியால் குழலைத் துடைத்தார். மறுபடி மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்தார். இந்த முறை காற்றே இல்லை.

டமார்!

ஜக்கையன் ஐயோ என்று அலறிக் குப்புற விழுந்தான். குண்டு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே பாறையில் மோதியிருந்தது!

கொண்டம்மாள் பாய்ந்து குழலைப் பிடித்தாள். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. விடவில்லை. “காப்பாத்தத்தானே கூட்டியாந்தேன்! நீங்களே அவனக் கொன்னுருவீங்க போலயே!”

“எனக்கு ஒண்ணும் புரியல தாயி.” சுருளிவேலின் முகம் வெளிறியிருந்தது. “ஒரே எடத்துலதான் குறிவெச்சேன். ஒண்ணு இடப்பக்கம் போகுது, ஒண்ணு கீழ போகுது. இருவது வருசத்துல இப்புடி ஆனதில்ல.”

பக்கீர் அவர்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. பத்தடி முன்னால், விளிம்போரப் புதருக்குள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். குண்டோடு வெளியே பறந்து விழுந்த மல் துணிகள்.

“கார்டண்ணே, இத முந்தியெல்லாம் எடுத்துப் பாப்பீங்களா?”

“வெடிச்ச துணிய எவன்யா பாப்பான்?”

“பாருங்க.” துணியைக் காற்றில் விரித்தான். நடுவே பெரிய ஓட்டை. ஓரமெல்லாம் கருகி நார்நாராய்த் தொங்கியது. “துணி குண்டுக்கும் குழலுக்கும் நடுவுல இறுக்கமா நிக்கல. தீ சந்துல பூந்து வந்துருக்கு. குண்டக் குடுங்க.”

சுருளிவேல் தயக்கத்தோடு கொடுத்தார். பக்கீர் குண்டை மல்லில் சுற்றிக் குழலின் வாயில் வைத்து ஆட்டினான். லொடக், லொடக் என்றது.

“அண்ணன் சட்டையத் தம்பிக்குப் போட்ட மாதிரி ஆடுது! இந்தக் குண்டு வார்க்கிற அச்சு பழசா?”

“பழசுதான்.”

“பட்டறையில துருவச் சொரண்டி, புரியும் வெட்டினதுல குழலு அகலமாயிருச்சு. அச்சு பழசு, குண்டு பழசு. துணி இறுக்கிப் பிடிச்சாத்தானே புரி குண்டச் சுத்தி விடும்? சுத்தாத குண்டு போன போக்குல போகும்.”

சுருளிவேல் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். “லேசா எறங்குதுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே,” என்றார் மெல்ல.

“யாரு கொறைன்னு அப்புறம் பேசலாம்,” என்றாள் கொண்டம்மாள். “குண்டப் பெருசாக்க முடியாது. துணியக் கனமாக்க முடியுமா?”

பக்கீர் மல்லை இரண்டாக மடித்துக் கொடுத்தான். மூன்றாவது வெடி! முன்னதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் கிளைக்கு ஒரு முழம் மேலே. பொறுக்கி வந்த துணியில் மேல்மடிப்பு ஒரு பக்கமும் கீழ்மடிப்பு ஒரு பக்கமும் வழுக்கியிருந்தன. “ரெண்டு துணி ஒரு துணி ஆகாது,” என்று பக்கீர் தலையில் அடித்துக்கொண்டான்.

கம்பளி புகையும். கித்தான் பை தடிமன் அதிகம். கொண்டம்மாளின் சேலை மல்லைவிட மெல்லிசு. பக்கீரின் பார்வை சுருளிவேலின் காக்கி டிராயரில் போய் நின்றது.

“வெட்டிக்க, மானம் போனா போகுது,” என்றார் அவர்.

டிராயரிலிருந்து வெட்டிய காக்கி டிரில் துணியோடு குண்டு உள்ளேயே நுழையவில்லை. கல்லால் அடித்து நுழைத்தார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது! மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழலே வெடித்து முகத்தில் அடிக்கும். சுருளிவேல் சலாகையின் தலையில் கல்லால் அடித்து அடித்து இறக்கினார். ஒவ்வோர் அடிக்கும் ஈயம் நசுங்கியது. நாலாவது வெடி அவர் தோளை உதைத்துத் தள்ளியது. நசுங்கிய குண்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மூன்று வெடிக்கு மருந்து மிச்சம். முதல் மழைத்துளி பாறையில் விழுந்தது. எதிரே இன்னொரு முழம் பெயர்ந்தது. ஜக்கையன் இப்போது சுவரோடு முதுகை ஒட்டி நின்றான்.

“போதும்க்கா!” அவன் குரல் மெலிந்து வந்தது. “நீங்க திரும்பிப் போங்க. இதப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க.”

கொண்டம்மாள், வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மடியிலிருந்த வரைபடத்தை எடுத்து விரித்தாள். காற்றில் படபடத்த அதன் நுனியைப் பக்கீர் பிடித்தான்.

பிடித்த விரல்கள் நின்றுவிட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியை மெல்ல உருட்டின. கண்ணை மூடிக்கொண்டான்.

“அக்கா,” என்றான் தயங்கித் தயங்கி. “மல்லுக்கு மேல, டிரில்லுக்குக் கீழ. நெருக்கமான நெசவு. மெழுகு வேற ஏறியிருக்கு. அளவு இதுதான்.”

கொண்டம்மாள் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

ஓரமெல்லாம் மக்கி, தொட்டால் உதிர்ந்தது. மெழுகு ஏறிய நல்ல இடம் மூன்று வட்டத்துக்குத்தான் வரும். கீழ்ப் பகுதி, ஊரிலிருந்து வந்த வழி. நடுப்பகுதி, இந்தப் பள்ளம். மேல்பகுதியில் பொன் இருக்கும் பாறை. அதைச் சுற்றி, இடத்துக்கு அடையாளமாக, ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடிப் புள்ளிகள்.

“கீழ வெட்டு மொதல்ல,” என்றாள் கொண்டம்மாள். “வந்த வழி நமக்குத் தெரியும்.”

எதிர்ச் சுவரில் ஜக்கையனுக்கு விளங்கிவிட்டது. “வேண்டாம்! அக்கா, வேண்டாம்! ஏழு தலைமுறை! அதுக்குத்தான நான் இங்க வந்து சாகுறேன்! வெட்டாத!”

“வாய மூடுறா!” என்று கத்தினாள் அவள்.

பக்கீர் அவசர அவசரமாகத் தன் சட்டையைக் கழற்றினான். தையல் சுண்ணாம்புக்கட்டியால் வரைபடத்தை அதில் பிரதி எடுக்கத் தொடங்கினான். நாலு கோடு போடுவதற்குள் மழை அந்த நாலு கோட்டையும் கழுவிவிட்டது. கட்டி கையில் சேறாகிக் கரைந்தது. கத்திரியை எடுத்தான்.

முதல் வட்டத்தோடு குண்டை வைத்துச் சுருளிவேல் கட்டைவிரலால் அழுத்தினார். விறைப்பாக, முனகிக்கொண்டு நுழைந்தது. சலாகைக்கு அடங்கி, ஆனால் மல்லுக்கட்டிக்கொண்டு, ஒரே சீராக இறங்கியது. அவர் கண்கள் விரிந்தன. மற்ற இருவரும் மழை படாமல் கம்பளியைத் தலைக்கு மேல் பிடித்தார்கள்.

டமார்!

கிளைக்கு ஒரு கையளவு வலப்புறம்.

“துணி! துணியக் கொண்டா!” இப்போது கத்தியது சுருளிவேல். பக்கீர் ஈரப் புல்லில் தவழ்ந்து எடுத்து வந்தான். வட்டம் கிழியவில்லை. நடுவே கரிப் பொட்டு. அதைச் சுற்றிப் புரிகள் பதிந்த தடம் பூவிதழ் மாதிரி இருந்தது.

“பிடிச்சுருச்சு! இப்பக் குண்டு சொன்ன பேச்சுக் கேக்குது. கையளவு தள்ளிப் போனா, கையளவு தள்ளிக் குறிவெச்சாப் போச்சு!”

“இதையே திரும்பப் போடலாமா?” என்று கேட்டாள் கொண்டம்மாள், ஓர் ஆசையில்.

பக்கீர் துணியைக் கசக்கிக் காட்டினான். மெழுகு உருகிப் போயிருந்தது. விறைப்பு விட்டுத் தொளதொளவென்று தொங்கியது. நடுப்பகுதியை வெட்டினான்.

டமார்!

கிளையில் பட்டது! மரச்சிராய் பறந்தது. கொடியேணி ஆடியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

கிளை விரிசல் விட்டு வளைந்தது. ஆனால் முறியவில்லை. ஏணியும் இறங்கவில்லை.

கடைசி அளவு மருந்தைச் சுருளிவேல் குழலில் கொட்டினார். கொம்பைத் தட்டினார், ஊதினார். இனி ஒன்றுமில்லை.

“நானே வெட்டுறேன். எங்க வீட்டுத் துணி,” என்று கொண்டம்மாள் கத்திரியை வாங்கினாள்.

மனப்பாடம் செய்துகொள்ளலாமே என்று ஒரு கணம் தோன்றியது. பாறைக்கு வலப்பக்கம் மூன்று, மேலே ஐந்து என்று புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள். பதினாறு வரை எண்ணியிருப்பாள். எதிரே மடமடவென்று சத்தம்! திட்டில் பாதி போய்விட்டது. ஜக்கையனின் ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது.

பதினேழாவது புள்ளியை அவள் எண்ணவில்லை.

“வட்டமா வெட்டுங்கக்கா,” என்று பக்கீர் காதருகே சொன்னான். “ஓரம் பிசிறு இருந்தா ஒரு பக்கமா இழுக்கும்.”

அவள் வெட்டினாள். சுருளிவேல் கெட்டித்தார். சாய்ந்து படுத்தார். மழை அவர் இமையில் வழிந்தது. துடைக்கவில்லை.

டமார்!

சத்தம் சுவருக்குச் சுவர் மோதி ஓய்வதற்குள் கிளை முறிந்தது. கொடியேணி சரசரவென்று பாறையோடு உரசி இறங்கி ஜக்கையனின் தோளில் வந்து விழுந்தது. அவன் அதைப் பிடித்துத் தொங்கினான். இரண்டாவது படி, மூன்றாவது படி, நாலாவது படி... அவன் நின்றிருந்த இடம் பெயர்ந்து, புகை மாதிரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு, வெள்ளத்துக்குள் போயிற்று.

மேலே ஏறியவன் உச்சியில் குப்புறக் கிடந்தான். கையை மட்டும் ஒருமுறை தூக்கிக் காட்டினான்.

நாலு நாள் சுற்றி அவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். காட்டுப் பழம் தின்று கொஞ்சம் தெளிந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் சொல், “அது எங்க?”

கொண்டம்மாள் துணியை விரித்தாள். மூன்று ஓட்டைகள். மீதி வெறும் நார். பொறுக்கி வைத்திருந்த கடைசி வட்டத்தையும் நீட்டினாள். பொன் இருந்த பாறையின் மேல் கரிப் பொட்டு உட்கார்ந்திருந்தது. ஓடைத் தண்ணீரில் அதை மெல்லக் கழுவினான் ஜக்கையன். கரி போயிற்று. அதோடு புள்ளிகளும் போயின.

வரும் வழியில் அவன் யாரிடமும் பேசவில்லை. பேசும் நிலையிலும் யாரும் இல்லை. வந்த வழி தெரியும் என்று நினைத்தது தப்பு. மூடுபனியில் இரண்டு முறை தடம் மாறி, கிழங்கு தோண்டித் தின்று, பத்தாம் நாள்தான் ஏலத் தோட்டத்தின் புகையைக் கண்டார்கள். நாலு பேரும் உயிரோடு வந்ததைப் பார்த்துத் தோட்டமே கொட்டடித்தது. பொன் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சுருளிவேல் ஜக்கையனின் முதுகில் தட்டிக் காட்டினார். ஜக்கையன் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பக்கீர் கடையில் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றான் ஜக்கையன். கொண்டம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்தும் தம்பி அவளோடு பேசி ஒரு மாதம்.

வாசலில் சுருளிவேலின் குரல் கேட்டது. கையில் துப்பாக்கி, புது அச்சில் வார்த்த குண்டு, நாலைந்து துணித் துண்டுகள்.

“பாருங்க தாயி! கட்டைவெரலு வலிக்குது, லேசுல எறங்க மாட்டேங்குது!” என்றார், முகமெல்லாம் மலர. “இப்பல்லாம் ஒவ்வொரு குண்டுக்கும் துணி சேருதான்னு பாத்துட்டுத்தான் தோட்டத்த விட்டே எறங்குறது. போட்ட துணியையும் பொறுக்கியாந்து பாத்துர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜக்கையனின் உதடும் லேசாக அசைந்தது. சட்டைப் பையிலிருந்து அந்த வெளுத்த வட்டத்தை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே, “கடைசியா இத வெட்டுறப்ப ஒனக்குக் கை நடுங்கலையாக்கா?” என்று கேட்டான்.

கொண்டம்மாள் அந்த வட்டத்தைப் பார்த்தாள்.

“தெரியலடா. ஓரம் பிசிறில்லாம வெட்டணும்னு பக்கீரு சொன்னான். எனக்குக் கண்ணு அதுலதான் இருந்துச்சு.”

ஜக்கையன் வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். விரலால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினான்.

“பிசிறு இல்லக்கா,” என்றான்.